பெருமழை விட்ட பிறகு வீட்டின் பின்பக்கம்: வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மணலி புதுநகர், எர்ணாவூர், மாதவரம், கொடுங்கையூர், கொளத்தூர் பக்கம் தனி வீடு பார்த்துக் குடிவந்திருக்கிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண், ஒரு தென்னை, முருங்கை, உறைக்கிணறு, ஷீட் போட்ட ஷெட், சுற்றிலும் காம்பவுண்ட் சுவர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று சொல்லித்தர ஆளுக்கு ஆள் வருவார்கள். பின்பக்கத்தைப் பற்றிக் கேட்டால் "தண்ணியை இறைச்சு விடுங்க, காஞ்சிடும்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

அந்த ஒரு யோசனையில்தான் பாதி நஷ்டம். புயல் நாளில் தப்பித்த சம்பும் (தரைக்கடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி) சுவரும் மரமும், மழை விட்ட அந்த வாரத்தில் நாம் காட்டும் அவசரத்தில் போய்விடுகின்றன. எங்கள் வீட்டில் இதையெல்லாம் ஆளாளுக்கு விசாரித்து, அலைந்து, கடைசியில் பிடிபட்ட வரிசை இது. இந்த வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் கரண்ட்

தோட்டத்தில் தண்ணீர் நிற்கும்போது கரண்டை நிறுத்தாமல் அங்கே காலை வைக்காதீர்கள். பின்பக்க விளக்கு, மோட்டார் சுவிட்ச், வாஷிங் மெஷின் பிளக் எல்லாம் ஒரே லைனில் இருக்கும். வீட்டுக்குள் தரை காய்ந்திருந்தால் மெயினை அணைத்துவிட்டுப் போகலாம். மெயின் போர்டு இருக்கும் இடத்திலேயே தண்ணீர் நின்றால் அதைத் தொடவே வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள்.

பலர் கவனிக்காத ஆபத்து துணி காயப்போடும் கம்பி. ஒரு முனை ஷெட்டின் இரும்புக் காலில், மறுமுனை சுவர் ஆணியில். நடுவில் எங்கேயாவது தோல் உரிந்த ஒயர் ஷீட்டில் பட்டுக்கொண்டிருந்தால் கம்பி முழுக்கக் கரண்ட். மழை விட்டதும் ஈரத்துணியோடு முதலில் அங்கேதான் போவோம். கம்பியை எடுத்துவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள்.

மோட்டார் முங்கியிருந்தால் ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்காதீர்கள். கழற்றிக் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுற்று) கட்டும் கடைக்குக் கொண்டுபோனால் உலர்த்தி, இன்சுலேஷன் சோதித்துத் தருவார்கள். ஈரத்தோடு ஓட்டினால் காயில் எரிந்துவிடும். உலர்த்தும் செலவோடு போக வேண்டியது புதுக்காயில் கட்டும் செலவில் போய் நிற்கும். பின்பக்க லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், எலெக்ட்ரீஷியன் வந்த கையோடு அதையும் போட்டுவிடுங்கள்.

2. ஏரி அறிவிப்பைப் பாருங்கள்

நம் பகுதியில் மழை விட்டது என்பதால் வெள்ளம் விட்டதாக ஆகாது. புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அது நிரம்பிவரும்போது திறக்கும் உபரிநீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூருக்குப் போகிறது. பூண்டி ஏரியில் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வந்து மணலி புதுநகர் பக்கம் ஏறும். அங்கே மதகைத் தூக்கியதும் இங்கே தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வரும். எண்ணூர் முகத்துவாரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் வடிவதும் தாமதம்.

ஆகவே ஏரியில் திறப்பு குறைந்துவிட்டது என்ற செய்தி வரும்வரை பெரிய வேலை எதையும் தொடங்காதீர்கள். கழுவிவிட்ட தோட்டத்தை மறுநாள் மறுபடி கழுவுவதற்கு யாருக்கும் தெம்பு இருக்காது.

3. எதையும் நகர்த்தும் முன் படம், பிறகு காகிதம்

சாய்ந்த சுவர், பறந்த ஷீட், செத்த ஆடு, சுவரில் தண்ணீர் நின்ற கோடு எல்லாவற்றையும் படமும் வீடியோவும் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று, வீடும் கதவு எண்ணும் சேர்ந்து தெரியும்படி தூரத்தில் ஒன்று. தண்ணீர்க் கோட்டுக்குப் பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்து எடுத்தால் பிறகு யாரும் உங்களோடு வாதாட முடியாது.

வாடகைக்கு இருப்பவர்கள் அதே நாளில் படங்களை வீட்டு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது. சுவரும் சம்பும் அவர் பொறுப்பு; நீங்கள் வைத்த தொட்டியும் போட்ட பந்தலும் உங்கள் பொறுப்பு. இதை அட்வான்ஸ் திருப்பித் தரும் நாளில் பேசினால் சண்டைதான் மிஞ்சும்.

காகிதங்கள்: ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சொத்துவரி ரசீது, இ.பி. அட்டை, சொந்த வீடானால் பட்டா அல்லது பத்திர நகல். அசலைக் கொண்டுபோய் எங்கேயும் கொடுக்காதீர்கள்.

அரசு நிவாரணத்தில் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்கு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகத் தந்தார்கள். அது ஒவ்வொரு மழைக்கும் வருவதில்லை. 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிமுறையில் சேதமான குடிசைக்கு 8,000, வீட்டோடு ஒட்டிய மாட்டுக் கொட்டகைக்கு 3,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழி ஒன்றுக்கு 100 ரூபாய் என்று இருந்தது. காம்பவுண்ட் சுவரும் வண்டி நிறுத்தும் ஷெட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. மாடோ ஆடோ இறந்திருந்தால் கால்நடை மருத்துவரின் சான்று இல்லாமல் புதைத்துவிடாதீர்கள். வி.ஏ.ஓ. வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். வராவிட்டால் மனுவை உங்கள் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

சுவருக்கும் ஷெட்டுக்கும் பணம் வரக்கூடிய இடம் காப்பீடு. வீட்டுக் கடன் வாங்கியவர்களில் பலருக்குத் தங்களிடம் பாலிசி இருப்பதே தெரியாது. வங்கி கடனோடு சேர்த்துப் போட்டிருக்கும். கடன் கோப்பை எடுத்துப் பாருங்கள். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரி வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று விதி வந்தது. அதில் புயல், வெள்ளம் உண்டு. 'வீடு' என்பதற்குள் காம்பவுண்ட் சுவர், வேலி, கேட், வண்டி நிறுத்துமிடம், செப்டிக் டேங்க், நிலையான தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கும். தென்னை மரத்துக்குக் காசு கேட்டுப் போகாதீர்கள், அது வராது.

நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன எண்ணையும் நேரத்தையும் குறித்துவையுங்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை உடைந்த ஷீட்டைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். கோரிக்கையை நிராகரித்தாலோ, நீங்கள் எழுத்தில் கொடுத்த புகாருக்கு ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலோ, சென்னையிலேயே காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

4. சம்ப், கிணறு, செப்டிக் டேங்க்: ஒரேயடியாக இறைக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

மழை முடிந்த வாரத்தில் நம் பகுதியில் நிலத்தடி நீர் ஏறக்குறைய தரைமட்டத்தில் நிற்கும். சம்பைச் சுற்றியுள்ள மண் முழுக்கத் தண்ணீர். சம்புக்குள்ளும் தண்ணீர் இருக்கும்வரை இரண்டு பக்கமும் சமம். உள்ளே இருப்பதை மோட்டார் வைத்து மொத்தமாக இறைத்தால், வெளித்தண்ணீர் காலித் தொட்டியைக் கீழிருந்து தூக்கும். 6,000 லிட்டர் சம்பென்றால் கிட்டத்தட்ட 6 டன் எடையை உள்ளிருந்து எடுத்துவிடுகிறீர்கள். செங்கல் சம்பாக இருந்தால் அடித்தளம் விரிசல் விடும். பூமிக்குள் பதித்த பிளாஸ்டிக் தொட்டி அப்படியே மேலே கிளம்பும், குழாய் இணைப்புகளைப் பிய்த்துக்கொண்டு.

செப்டிக் டேங்குக்கும் இதே கதைதான். டாய்லெட்டில் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் லாரிக்குப் போன் போடுகிறோம். லாரி வந்து எடுக்கும். இரண்டே நாளில் சுற்றுமண்ணின் தண்ணீர் உள்ளே ஊறி மறுபடி நிறையும். மழை முடிந்த வாரத்தில் லாரிக்காரர்கள் கேட்பதுதான் விலை. முடிந்தவரை பொறுத்திருந்து, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி இறங்கிய பிறகு கூப்பிடுங்கள். லாரி வேண்டும் என்றால் 14420 உதவி எண்ணில் கேட்கலாம். என்ன அவசரமானாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். விஷவாயு ஒரு நிமிடம்கூடக் கொடுக்காது; கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் கூட, இறக்கச் சொன்ன வீட்டுக்காரர்மீதும் வழக்கு வரும்.

தண்ணீர் நிற்கும்போது டேங்க் மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாது. மூடி நகர்ந்திருக்கலாம். கழி வைத்துத் தட்டித் தட்டித்தான் நடக்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக் கூடாது.

உறைக்கிணற்றில் வெள்ளம் இறங்கியிருந்தால் ஒரே நாளில் அடிவரை இறைக்காமல் நாளுக்குக் கொஞ்சமாக இறையுங்கள். வேகமாக இறைத்தால் ஊறிய மண் பக்கவாட்டில் தள்ளி உறை நகரும். தண்ணீர் தெளிய ஆரம்பித்த பிறகு பிளீச்சிங் பவுடர். அளவு இப்படி: கிணற்றின் விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 0.785ஆல் பெருக்குங்கள். எல்லாம் மீட்டரில். 1 மீட்டர் விட்டம், 3 மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 2.4 கன மீட்டர், அதாவது 2,400 லிட்டர். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் வரை போட வேண்டும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல்தெளிவை மட்டும் ஊற்றி, ஓர் இரவு விட்டு, குளோரின் வாடை போகும்வரை இறைத்து வெளியே விடுங்கள். அந்தத் தண்ணீர் செடிக்குப் போகக் கூடாது. பவுடர் புதிதாக, நெடி அடிப்பதாக இருக்க வேண்டும். திறந்துகிடந்த மூட்டையில் சுண்ணாம்பு மட்டுமே மிச்சம்.

மணலி, எண்ணூர், திருவொற்றியூர்க்காரர்களுக்கு இன்னொன்று. தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தாலோ டீசல் வாடை வந்தாலோ பிளீச்சிங் பவுடர் எதையும் சாதிக்காது. கொதிக்கவைத்தாலும் எண்ணெய் போகாது. மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட கிணற்றைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்கும்வரை குளிக்கவும் பயன்படுத்த வேண்டாம்.

5. ஷெட்டும் பந்தலும்

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கீழே நின்று கழியால் குத்தித் தள்ளுவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 10 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் 100 கிலோ. ஆறு சதுர மீட்டர் தொய்ந்திருந்தால் தலைக்குமேல் 600 கிலோ. ஓரமாக நின்று ஒரு மூலைக் கயிற்றை மெல்லத் தளர்த்தினால் தானே வழியும்.

ஷீட்மேல் ஏறாமல் முதலில் கால்களைப் பாருங்கள். சவுக்குக் கட்டை மண்ணைத் தொடும் இடத்தில்தான் அழுகும். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். இரும்புக் கால் சிமெண்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் துருப்பிடிக்கும், கடற்காற்று அடிக்கும் தெருக்களில் இன்னும் சீக்கிரமாக. சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மற்ற இடத்தில் கணீரென்று கேட்பது அங்கே மட்டும் மொத்தையாகக் கேட்டால் அந்தக் காலை மாற்ற வேண்டும்.

பிறகு ஜே போல்ட்டுகள், அதாவது ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் வளைந்த போல்ட்டுகள். காற்று ஓரத்தையும் மூலையையும்தான் முதலில் தூக்கும். அங்கே வாஷர் நசுங்கியோ போல்ட் ஆடியோ இருந்தால் அடுத்த புயலில் ஷீட் பக்கத்து வீட்டில் இருக்கும். இப்போதைக்கு ஓரத்துப் போல்ட்டுகளை மட்டுமாவது மாற்றுங்கள். கூரைமேல் செங்கல் அடுக்கிவைக்காதீர்கள். ஷீட்டோடு சேர்ந்து அதுவும் பறக்கும்.

சிமெண்ட் ஷீட் என்றால் நேரடியாக மிதிக்கவே கூடாது. ஈரத்தில் வழுக்கும், பழைய ஷீட் சொல்லாமல் உடையும். பர்லின் (ஷீட்டைத் தாங்கும் சட்டம்) மேல் குறுக்கே பலகை போட்டு அதில்தான் ஆள் நிற்க வேண்டும். உடைந்த துண்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, முழுசாகப் பொறுக்கிக் கோணியில் கட்டுங்கள். உடைத்துப் பள்ளத்தில் கொட்டி மண் நிரப்புவது வேண்டாம்.

6. காம்பவுண்ட் சுவர்

ஊறிய மண் சுவரைத் தள்ளும். உங்கள் மனை தாழ்வாகவும் அடுத்த மனை மண் கொட்டி உயர்த்தியதாகவும் இருந்தால் (வடசென்னையில் பாதித் தெரு இப்படித்தான்) சுவர் உங்கள் பக்கம் சாயும். தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். குறுக்குவாட்டில் நீண்ட விரிசல், அடியில் மண் அரித்த பள்ளம், புதிதாகச் சாய்வு, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் சுவரின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு யாரும் உட்காரவோ, வண்டி நிறுத்தவோ, மாடு கட்டவோ கூடாது. கயிறு கட்டித் தடுத்துவிடுங்கள். தெருப்பக்கம் சாய்ந்தால் மாநகராட்சி 1913க்குச் சொல்லுங்கள். விரிசலில் சிமெண்ட் பூசி மறைப்பது சுவருக்கு எந்தப் பலமும் தராது. விரிசல் வளர்கிறதா என்று பார்க்கும் வழியையும் அடைத்துவிடும். பென்சிலால் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள்.

திரும்பக் கட்டும்போது அடியில் நீர் வடியத் துளைக்குழாய் விடச் சொல்லுங்கள். அடுத்த வீட்டாரோடு பேசிவிட்டுச் செய்யுங்கள், ஏனென்றால் அந்தத் தண்ணீர் யார் பக்கம் வரும் என்பதில்தான் தெருச் சண்டையே ஆரம்பமாகும்.

7. மரம், செடி

ஊறிய மண்ணில் நடக்காதீர்கள். மிதித்தால் இறுகி வேருக்குக் காற்றே போகாது. சுற்றி ஒரு முழ ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிட்டால் போதும். உரம் வேண்டாம், துளிர் வரட்டும்.

பப்பாளி இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் பெரும்பாலும் போய்விடும், அதற்காக மெனக்கெடாதீர்கள். முறிந்த முருங்கையைத் தரையிலிருந்து மூன்றடி விட்டுச் சரிவாக வெட்டி, வெட்டுவாயில் சாணி அப்புங்கள். தழைத்துவிடும். வெட்டிய கிளையில் நல்ல போத்தாக இரண்டு எடுத்துவைத்து, மண் காய்ந்ததும் நடலாம்.

தென்னையில் நடுக்குருத்தைப் பாருங்கள். வெளுத்து, இழுத்தால் கையோடு வந்து, நாற்றம் அடித்தால் குருத்தழுகல். அழுகியதை வெட்டி எடுத்துவிட்டு 1 சதவீத போர்டோ கலவையைக் குருத்தில் ஊற்ற வேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரிலும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை 5 லிட்டரிலும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது. படிந்தால் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம். அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். மரமேறுபவர் கிடைக்கும் நாளில் கலக்குங்கள், முந்தின நாள் கலந்துவைக்காதீர்கள். மின்கம்பிமேல் சாய்ந்த மரத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது; அது இ.பி. ஆட்கள் வேலை.

8. குப்பை, பாம்பு, கொசு

விறகுக் குவியலையும் ஷீட்டையும் கையால் தூக்காதீர்கள். கழியால் புரட்டிவிட்டு, சற்று நின்று, பிறகு பூட்ஸோடு போங்கள். சாரையும் தண்ணீர்ப் பாம்பும் தானே போய்விடும். நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வெள்ளத்தில் மேடு தேடி வரும். கடித்தால் கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி போன்ற அரசுப் பெரிய மருத்துவமனைக்கு. காலில் புண் உள்ளவர்கள் வெள்ள நீரில் இறங்கிவிட்டுப் பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலை அவர் நினைத்துப் பார்ப்பார்.

டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். சிரட்டை, டயர், பூந்தொட்டித் தட்டு, சுருட்டிப்போட்ட தார்ப்பாயின் மடிப்பு, இவற்றில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

9. எதை இப்போது செய்வது, எதைத் தைக்குத் தள்ளுவது

கார்த்திகையில் கொத்தனார் கிடைப்பதே அரிது. கிடைத்தால் கூலி ஆயிரத்தைத் தாண்டும், சித்தாள் தனி. அதோடு டிசம்பர் முடிவதற்குள் இன்னொரு புயல் வரலாம். 2016 டிசம்பர் 12இல் வர்தா வந்தபோது மாதம் பாதிதான் ஆகியிருந்தது. ஆகவே இப்போது செய்ய வேண்டியது: கரண்ட், ஓரத்து ஜே போல்ட், சாய்ந்த சுவருக்கு முட்டு, கிணற்றுக்குப் பிளீச்சிங், தென்னைக்கு மருந்து. சுவர் கட்டுவது, புது ஷெட், பூச்சு, பெயிண்ட், செப்டிக் டேங்க் பழுது எல்லாம் பொங்கலுக்குப் பிறகு. ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் சித்திரைக்குள் உப்பி உரியும்.

கொட்டேஷன் இரண்டு பேரிடமாவது எழுத்தில் வாங்குங்கள். சதுர அடிக் கணக்கா, மொத்தமா, இடிபாட்டை அள்ளுவது யார் என்று அதிலேயே எழுதச் சொல்லுங்கள். இடிபாட்டைத் தெருவோரக் கால்வாயில் தள்ள விடாதீர்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் உங்கள் வாசலில்தான் நிற்கும். முன்பணம் கால்பங்குக்கு மேல் வேண்டாம். ஷீட், பைப், சிமெண்ட் பில்கள் உங்கள் பெயரில் இருக்கட்டும், காப்பீட்டுக்கு அவைதான் வேண்டும்.